பெரிய ள போட்டு எழுதவும்

பெயர் ரெஷ்மா, கணவர் பெயர் கைலாஷ், வயது முப்பத்து நான்கு, திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருப்பு, கழக்கூட்டத்தில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை. நான் பெண் என்பதால் என்னைத் திருநெல்வேலிக்கு வரவழைக்காமல், உதவி ஆய்வாளர் ஐயாவும் பெண் காவலர் ஒருவரும் என் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் காகிதம் வைத்து நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். இருவருக்கும் காபி போட்டு வைத்தேன். இதுவரை யாரும் தொடவில்லை. எனக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாது என்றுதான் என் மாமியார் வீட்டில் பேச்சு.

நான் பிறந்து வளர்ந்தது இதே ஊர். என் அப்பா லிங்கராஜ் நாஞ்சில் நாட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பிழைக்க வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இரண்டும் என் வாயில் ஒன்றாகக் கலந்துவிட்டன. என் கணவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. மாமனார் காலமான பிறகு என் மாமியார் சிவகாமியம்மாள் எங்களோடு வந்து இருந்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தைக்கு என் பேச்சு பிடிக்காது. எது நன்றாக இருந்தாலும் நான் ‘கொள்ளாம்’ என்பேன். இந்த ஊரில் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சொல். “ஏட்டி, சாம்பாரு கொள்ளாம்னா எந்தப் பானைக்குள்ள கொள்ளும்?” என்று அத்தை என்னைக் கேலி செய்வார். என் சமையலை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை. சாப்பிட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். எனக்கு அது வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் வருத்தம் வேறு, ஐயா கேட்க வந்திருக்கும் விஷயம் வேறு.

ஐப்பசித் தொடக்கத்தில் எங்கள் நிறுவனம் எனக்கு ஒரு வேலை கொடுத்தது. புதிய கணினி இயங்குதளம் ஒன்று சந்தைக்கு வருவதற்கு முன்னால், அதன் முன்னோட்டப் பதிப்பை எங்களைப் போன்ற சிலரிடம் கொடுத்து, தமிழ் ஒழுங்காக வருகிறதா, எங்கே முட்டிக்கொள்கிறது என்று பழகிப் பார்க்கச் சொல்வார்கள். அதை என் மடிக்கணினியில் ஏற்றினேன். அதில் புதிதாக ஒரு வசதி இருந்தது. பக்கத்தில் யார் பேசினாலும் கேட்டு, பேச்சுத் தமிழைத் திருத்தி, நல்ல தமிழில் குறிப்பாக எழுதி வைத்துவிடும். குரலைச் சேமிக்காது, எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், எல்லாம் உங்கள் அந்தரங்கத்தின் பாதுகாப்புக்காக என்று போட்டிருந்தது. அப்போது அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். உங்கள் மொழி தமிழா மலையாளமா என்று கேட்டது. இரண்டும் என்று சொல்ல அதில் இடம் இல்லாததால் தமிழ் என்று கொடுத்தேன். குறிப்புகளைக் குடும்பத்தாருக்கும் காட்டலாமா என்ற கேள்விக்கு அதுவே ஆம் என்று குறி போட்டு வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. போட்டோ அனுப்பிக்கொள்வதற்காக நாங்கள் வைத்திருந்த குடும்பக் கணக்கில், திருநெல்வேலியில் இருக்கும் என் கணவரின் அக்காள் காந்திமதி மதினியும் உண்டு.

அதன் பிறகு அத்தைக்குச் சர்க்கரை கூடிப்போய் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அன்று காலை என் கணவர் வேலைக்குப் போன பிறகு, வலியசாலையில் இருக்கும் என் அம்மை ரத்னாபாயோடு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே இதே மேசையில் காய் நறுக்கினேன். மடிக்கணினி பக்கத்தில் திறந்திருந்தது. “அம்மே, இந்தக் குளிகை அத்தெக்குக் கொள்ளாம்” என்று நான் சொன்னேன். குளிகை என்றால் எங்களுக்கு மாத்திரை. அதற்கு என் அம்மை, “ஒண்ணிச்சுக் கொடுக்காண்டாம் மோளே, பதுக்கெ கொடுத்தா மதி” என்றாள். மொத்தமாகக் கொடுக்காதே, மெல்ல மெல்லக் கொடுத்தால் போதும் என்பது அதற்கு அர்த்தம். “எல்லாம் மாறிடும், பின்னெ எனக்கு நிம்மதி” என்றேன் நான். இங்கே நோய் மாறும் என்றால் குணமாகும். இவ்வளவுதான் நாங்கள் பேசியது, பிறகு பேச்சு வெண்டைக்காய்க்குப் போய்விட்டது.

கணினி எழுதிக்கொண்டது இப்படி: ‘குளிகையில் அத்தையைக் கொல்லலாம். ஒன்றாகக் கொடுக்க வேண்டாம், பதுக்கிக் கொடு. எல்லாம் மாறிவிடும், பிறகு எனக்கு நிம்மதி.’ அதற்குத் தெரிந்த தமிழில் ‘கொள்ளாம்’ கிடையாது. அதனால் தெரிந்த சொல்லைப் போட்டு, அதற்கு ஏற்றபடி ‘அத்தெக்கு’ என்பதை ‘அத்தையை’ என்று மாற்றி, வாக்கியத்தை ஒழுங்காக்கிவிட்டது. இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு கந்தசஷ்டி வந்தது. அத்தை எங்களிடம் சொல்லாமல் விரதம் இருந்திருக்கிறார். நான் வைத்த இட்டிலியைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டு போலக் கழுவப் போட்டிருக்கிறார். அத்தை சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்து நான் மாத்திரையைக் கொடுத்தேன். என் கையால்தான் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பூஜை அறையில் வேர்த்து விழுந்தார். நானும் கீழ் வீட்டு அனீஷும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெறும் வயிற்றில் மாத்திரை விழுந்ததால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அப்போது எனக்கு இருந்த பயம் அத்தையைப் பற்றியது மட்டும்தான்.

மதினி முதல் ரயிலைப் பிடித்து வந்தார். வந்தவர், குடும்பக் கணக்கில் அந்தக் குறிப்பு திறந்திருந்த போனைத் தம்பியிடம் நீட்டி, “உன் பொண்டாட்டி குளிகை நேரம் குறிச்சு வச்சிருக்கா, பாருல” என்றார். மதினி பஞ்சாங்கம் பார்க்காமல் வாசலைத் தாண்டாதவர். அவருக்குக் குளிகை என்றால் ராகுகாலம் போல நாளில் ஒரு நேரம். அதன் பிறகு, நினைவு தெளியாத அத்தையைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோய், அங்கேயே புகாரும் கொடுத்தார்.

அன்று மாலை நான் அந்தக் குறிப்பை அழித்து, பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பினால் கணினியில் உள்ள எல்லாமே அழியும் என்று எச்சரிக்கை வந்தது. அழித்தால் சாட்சியத்தை அழித்தவள், வைத்திருந்தால் எழுதி வைத்துக் கொல்லப் பார்த்தவள். கையை எடுத்துவிட்டேன். உண்மையில் பேசியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் குரல் சேமிக்கப்படவில்லை. என் அம்மையைச் சாட்சி சொல்லச் சொல்லலாம் என்றால் ‘பதுக்கிக் கொடு’ என்று அவளையும் அது உடந்தை ஆக்கிவிட்டது. டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் என்றால், அந்த வயிற்றைப் பட்டினி போட்டதே நான்தான் என்று மதினி எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு வெளியே பூட்டிக் கிடக்கிறது.

என் கணவர் பத்து வருடமாக என் வாயால் ‘கொள்ளாம்’ கேட்டவர். அவரிடம் சொன்னேன். “நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்ட. ஆனா எழுதியிருக்கே” என்றார். அடுத்த நாளிலிருந்து தம் காபியைத் தாமே போட்டுக்கொள்கிறார். டிகாக்‌ஷன் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். மதினி சொன்னதைவிட, காவல் நிலையத்தைவிட, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

‘பிறகு எனக்கு நிம்மதி’ என்று நான் சொன்னது உண்டா என்று ஐயா கேட்டார். உண்டு. அதில் கணினி பிழை செய்யவில்லை. அத்தைக்கு உடம்புக்கு வந்தால் எனக்குத் தூக்கம் இல்லை, சரியானால் நிம்மதி. வேறு நிம்மதி எதையும் நான் நினைக்கவில்லை.

‘கொள்ளாம்’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டும்படி ஐயா கேட்டார். சொன்னேன். “ரெண்டும் ஒண்ணு மாதிரித்தானம்மா கேக்குது” என்றார். பெரிய ள என்று சொல்லி மறுபடியும் சொன்னேன். அவர் சின்ன ல போட்டு எழுதியிருப்பதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

அதன் பிறகு, அத்தைக்கு நினைவு தெளிந்துவிட்டது என்றும், நேற்று ஆஸ்பத்திரியில் அவரை விசாரித்ததாகவும் ஐயா சொன்னார். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. கும்பிட்டேன். சந்தோஷப்பட வேண்டாம் என்று சொல்லி, பெண் காவலர் அங்கே எழுதிக்கொண்டு வந்ததை ஐயா வாசித்தார். உங்கள் மருமகள் எப்படி என்று கேட்டதற்கு, கொல்லலாம் என்று பதில் சொன்னார் என்று இருந்தது. மாமியாரே இப்படிச் சொல்கிற அளவுக்கு நான் என்ன செய்தேன் என்று ஐயா கேட்டார்.

அத்தைக்குப் பல்செட் போட்டிருந்தார்களா என்று பெண் காவலரிடம் கேட்டேன். “இல்ல, கழட்டி டம்ளர்ல போட்டு வச்சிருந்துச்சு” என்றார். பல்செட் இல்லாவிட்டால் அத்தைக்கு ள வராது, பள்ளிக்கூடம் பல்லிக்கூடமாகிவிடும். கொல்லலாம் என்றாரா, கொல்லாம் என்றாரா என்று கேட்டேன். கொல்லாம் என்றுதான் காதில் விழுந்தது, அது சரியான தமிழாக இல்லை என்று தான்தான் திருத்தி எழுதியதாகச் சொன்னார். சொல்லும்போது அத்தையின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “சிரிச்சாங்க. உடம்பு முடியாம என்னவோ உளறுதாங்கன்னு நெனச்சேன்” என்றார்.

அப்போது நான் சிரித்தேன். ஐயா அதைக் குறித்துக்கொண்டார். சிரித்தது உண்மை. உடனே அழுததும் உண்மை, அதையும் குறிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை நாளில் அத்தை என்னைப் பற்றி நல்லது சொன்னது இது ஒரு தடவைதான். அதையும் தாம் கேலி செய்த என் சொல்லாலேயே சொல்லியிருக்கிறார்.

பெண் காவலர் எழுதியதை இங்கே திருத்த முடியாது, பல்செட்டைப் போட்டு அத்தையை மறுபடி விசாரித்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும், அதுவரை நான் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று ஐயா சொன்னார். எனக்குப் போக வேறு ஊரும் இல்லை. இதுவரை கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், “அம்மா கொள்ளாம்னா சொன்னா?” என்று பெண் காவலரிடம் கேட்டார். பிறகு மேசைக்கு வந்து, ஆடை படிந்து ஆறிப்போயிருந்த காபியில் ஒன்றை எடுத்து, நின்றபடியே முழுவதும் குடித்தார். இதை எழுத வேண்டுமா என்று ஐயா கேட்டார். வேண்டும் என்றேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் ஒரு முறை படித்தேன். ‘கொள்ளாம்’ வரும் இடங்களில் எல்லாம் சின்ன ல அடிக்கப்பட்டு, என் முன்னால் பெரிய ள போடப்பட்டு, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். இதில் உள்ளது நான் சொன்னது, நான் சொன்னது நடந்தது.

(ஒப்பம்) கை. ரெஷ்மா