பூந்தமல்லி பாபுவுக்கு லைட் வேலை

கைய எடு தம்பி. எடுன்றேன்ல. அந்த பட்டன் மேல கை வெச்சிகினே பேசாத. மொதல்ல நான் சொல்றத கேளு. அப்பால அமுக்கலாமா வாணாமான்னு பாப்போம். பாஸ்வேர்டு எங்கியும் ஓடிடாது.

குந்து. காபி வரும். பத்மா, தம்பிக்கு சக்கர கம்மியா போடு. இல்லியா, போடலாமா? சரி, நிறையவே போடு.

சார்லாம் வாணாம். அம்பத்தூர் எஸ்டேட்ல முப்பது வருசம் சங்கத்துல என்ன தோழர்னுதான் கூப்டாங்க. அது உனக்கு வாயில வர்லன்னா சம்பந்தம்னு பேர் சொல்லியே கூப்டு, தப்பில்ல. சார்னு மட்டும் வாணாம், சார்னு கூப்ட்ட ஆளுங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

மூணாவது மாடின்றே. நான் உன்ன பாத்ததே இல்லியே. கழுத்துல தொங்குதே அட்டை, அத்த கொஞ்சம் இப்டி திருப்பு. ஜெகதீஷ். ம். சேலமா? மேட்டூரா. பாரிவாக்கத்துக்கு வந்து எவ்ளோ நாளாச்சு? சரி சரி, சொம்மா கேட்டேன். கோகுல்நாத்த தெரியுமா உனக்கு? நம்ம ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி. தெரியும்ன்றே. எவ்ளோ தெரியும்? குட்மார்னிங் சொல்ற அளவுக்கா, இல்ல ஒண்ணா குந்தி பேசற அளவுக்கா?

கோச்சிக்காத. காரணம் கீது. வாட்ச்மேனுக்கும் பெருக்கறம்மாவுக்கும் தீவாளி போனஸ் கெடையாதுன்னு அந்தாளு சொன்னான். நான் லிஃப்ட்டுக்குள்ள ஒரு துண்டறிக்கை ஒட்டினேன். படிச்சியா? எழுத்து நல்லா கீதுன்றே. எழுத்த விடு, விஷயம் எப்டி? பாத்தியா, அத்த நீ படிக்கல. எழுத்த மட்டும் பாக்கிறவன் எல்லாம் மேனேஜ்மென்ட்டு ஆளுன்னு ஒரு காலத்துல நான் கண்ண மூடிகினு சொல்வேன். இப்போ வயசாச்சு, கண்ண தொறந்துகினு சொல்றேன்.

அதனாலதான். அந்தாளோட சண்ட போட்ட மறு வாரமே ஒர்த்தன் வந்து, உங்க கம்ப்யூட்டர பூட்டித் தரேன்னு குந்தினா எனக்கு சந்தேகம் வருமா வராதா?

அகல்யா அனுப்ச்சாளா. ம். அவ என் பொண்ணு. இது அவ ஊடு, நானும் பத்மாவும் அவகிட்ட ஒட்டிகினு கீறோம். அப்பாவோட கேமுக்குள்ள எவனோ பூந்துட்டான், கொஞ்சம் பாருங்கன்னு சொல்லியிருப்பா. பூந்தது நெசம்தான். ஊடு முழுக்க கத்தி சொன்னதும் நான்தான். ஆனா அது ரெண்டு மாசத்துக்கு முன்ன. இவ ஆபீஸ் வேலையில மறந்துட்டு, இப்போ வந்து உன்ன புடிச்சிகீறா.

இன்னா கேமுன்னு தெரியாமலே வந்தியா? குஸ்தி கேமு. ஆனா நீ நெனைக்கிற மாறி அடிச்சி ஒதைக்கிறது இல்ல. இதுல நீ குஸ்தி கம்பெனி நடத்துறே. ஆளு எடுக்கணும், சம்பளம் பேசணும், எந்த மண்டபத்துல ஷோ, எவன் எவனோட மோதணும், எவன் ஜெயிக்கணும், எல்லாத்தையும் நீ முன்னாடியே முடிவு பண்ணணும். ஆமா, ஜெயிக்கிறதையும்தான். சிரிக்காத. உங்க ஆபீஸ்ல ப்ரமோஷன் எப்டி குடுக்கிறான்? ஆங்.

எனக்கு இது எப்டி வந்துச்சின்னா, முட்டி ஆபரேஷன் ஆயி கட்டில்ல கெடந்தேன். பரண் மேல இந்த லேப்டாப்பு கெடந்துச்சி. சினிமா பாருப்பான்னு அகல்யா எறக்கி குடுத்தா. தொறந்தா, உள்ள இந்த கேமு. அதுல ஒரு கம்பெனி ஏற்கெனவே ஓடிகினு இருந்துச்சி. ஆவடி குஸ்திக் கழகம். எவனோ ஆரம்பிச்சி, நஷ்டத்துல வுட்டுட்டுப் போன கம்பெனி.

எவனோன்னா எவனோ. அத்த ஏன் தோண்டுறே? நீ பூட்டு பாக்க வந்தியா, விசாரணைக்கு வந்தியா?

நான் பேச்ச மாத்தல. கேளு. கேமு வெளிநாட்டுக்காரனுது, நெட்டுல ஓடுது, ஆனா உள்ள பேரெல்லாம் நம்ம பேரு. மாங்காடு கல்யாண மண்டபத்துல ஷோ, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில ஷோ. மின்னல் மார்ட்டின்னு ஒர்த்தன், அவன்தான் சாம்பியன், கூட்டமே அவனுக்குத்தான். பூந்தமல்லி பாபுன்னு ஒர்த்தன், நாப்பது வயசு, எந்த புதுப் பையனோட மோத வுட்டாலும் அவன நல்லவனா காட்டிட்டு தான் தோத்துட்டு வருவான். எனக்கு பாபுவ புட்ச்சிப்போச்சி. இந்த மாறி ஆளுதான் ஒவ்வொரு ஷெட்டுலயும் வேலைய தூக்கி நிறுத்துறவன், பேரு வேற எவனுக்கோ போவும்.

நான் போய் முதலாளி சீட்ல குந்தலாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன், தெரியுமா? அப்பால எனக்கு நானே சொல்லிகினேன், எதிரி எப்டி யோசிக்கிறான்னு தெரிஞ்சிக்கிறதுக்குத்தான் இதுன்னு. நம்புறியா? நானும் நம்பல. ஜோரா இருந்துச்சி தம்பி. முப்பது வருசம் கேட்டுக்கு வெளிய நின்னு கத்தினவனுக்கு, உள்ள குந்தி கையெழுத்து போடறது எப்டி இருக்கும்?

ஆனா கம்பெனி தேறல. டிவிக்காரன் கழண்டுகினான். மார்ட்டின் தெனம் ஒரு கொற சொல்றான், தோக்க மாட்டேன்றான். டிக்கெட் விக்கல. கஜானா காலியான கம்பெனிய இந்த கேமு இழுத்து மூடிடும், ஆட்டமே முடிஞ்சிடும். அந்த நெலமையில பாபுவுக்கு முட்டி போச்சி. ஆமா, முட்டிதான். எட்டு மாசம் எறங்க முடியாதுன்னு போட்டுட்டான்.

நான் இன்னா பண்ணேன்னு நெனைக்கிறே?

தூக்கிட்டேன். பாபுவ வேலைய வுட்டுத் தூக்கிட்டேன். கம்பெனி பொழைக்கணும்ல. நெஜ மனுசன் இல்ல, வெறும் எழுத்துன்னு சொல்லிகினு அமுக்கிட்டேன். கால நீட்டி படுத்துகினு, என் முட்டி மேல லேப்டாப்ப வெச்சிகினு அமுக்கினேன். பாபுகிட்டேந்து ஒரு வார்த்த வந்துச்சி, கேமே எழுதறதுதான், இத்தன நாள் வேலை குடுத்ததுக்கு நன்றின்னு. மூடி வெச்சிட்டேன்.

காலைல எழுந்து தொறந்தா, பாபு உள்ள கீறான்.

நான் அமுக்கலியோன்னு நெனைச்சேன். இல்ல, அமுக்கினேன், நல்லா நெனப்பு கீது. எவனோ வேற மிஷின்லேந்து இதே கணக்குக்குள்ள வந்து திருப்பி சேத்துகீறான். அப்போதான் கத்தினேன். அகல்யா, எவனோ பூந்துட்டான், பத்மா, எவனோ என்ன கவனிக்கிறான்னு. அந்த ஃபேக்டரி வேவு ஆளுங்க என்ன பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொடர்ந்த காலமெல்லாம் மறுபடி வந்துட்ட மாறி ஆயிடுச்சி. கோகுல்நாத்து மேல சந்தேகப்பட்டேன். கேபிள் கனெக்‌ஷன் பையன் மேல சந்தேகப்பட்டேன். அப்போ உன்ன தெரிஞ்சிருந்தா உன் மேலயும் பட்டிருப்பேன். இப்போவும் முழுசா போவல, அத்த வெச்சிக்க.

அப்பால ஒக்காந்து நிதானமா பாத்தேன். வந்தவன் திருடன் மாறி எதையும் எடுக்கல. பாபுவ திருப்பி சேத்தான். ஆனா ரிங்குக்குள்ள வுடல. புதுப் பசங்களுக்கு கத்துக் குடுக்கிற வேலை குடுத்துகீறான். அந்த சம்பளத்துக்கு மார்ட்டின்லேந்து கடைசி ஆளு வரைக்கும் எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி சரிக்கட்டிகீறான்.

உனக்கு இது சாதாரணமா தெரியும். எனக்கு அப்டி இல்ல.

ஏன்னு சொல்றேன். எங்க ஃபேக்டரில ப்ரெஸ் ஷாப்பு, தகடு அழுத்தற எடம். மிஷின்ல வெரலு போவும். வெரலு போனவன கணக்கு தீத்து வெளிய அனுப்பிடுவான். அதுக்கு நாங்க போராடி வாங்கினதுதான் லைட் வேலை. அடிபட்டவன வெளிய அனுப்பாத, டூல் ரூம்ல போடு, புதுசா வர்றவனுக்கு அவன் சொல்லிக் குடுக்கட்டும், மத்தவங்க வேலைய பங்கு போட்டுக்கிறோம்னு. அந்தக் கோரிக்கைய எழுதினது நான். என் கையால. வேற எந்த சங்கத்துலயும் அந்த மாறி வார்த்தைக்கு வார்த்த கெடையாது. புதுசா வர்றவனுக்கு சொல்லிக் குடுக்கிறது, பங்கு போட்டுக்கிறது, ரெண்டையும் சேத்து கேட்டது நாங்க மட்டும்தான்.

அத்த அப்டியே எவனோ குஸ்தி கேமுக்குள்ள போட்டு வெச்சிகீறான். எழுதினவன் மறந்துட்டு பாபுவ தூக்குறான், எவனோ ஞாபகம் வெச்சிகினு திருப்பி எடுக்கிறான்.

காபிய குடி, ஆறுது.

அப்பாலயா? அப்பால நான் கத்தறத நிறுத்திட்டேன். பகல்ல நான் மேட்ச் போடுவேன். காலைல பாத்தா ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும். மார்ட்டின் அடங்க மாட்டேன்றான்னு நான் கடுப்புல அவன கேவலமா தோக்க வெச்சா, ராத்திரி வர்றவன் அத்த மாத்தி கௌரவமா தோக்க வெப்பான். நான் மாங்காடு மண்டபத்த வாணாம்னு தூக்கினா, அவன் திருப்பி போடுவான். சில நாளு எனக்கு எரிச்சல் வந்து வேணும்னே தப்பா போட்டு வெப்பேன், வர்றானான்னு பாக்கறதுக்கு. வருவான். ஒரு நாள் வர்லன்னா எனக்கு சோறு எறங்காது. கம்பெனி இன்னும் தேறல, ஆனா மூடல. அது போதும்.

பூட்டறது இன்னா முறைன்னு சொன்னே? எல்லா எடத்துலயும் உள்ள கீறவன வெளிய தள்ளிட்டு, போனுக்கு ஒரு கோடு வரும், அத்த போட்டு புது பாஸ்வேர்டு வெக்கணும். அதானே? அந்த கோடு எந்த நம்பருக்குப் போவுதுன்னு காட்டுதே, கடைசி ரெண்டு எண்ணு. அத்த நீ வந்ததுமே பாத்துட்டேன்னு எனக்குத் தெரியும். என் போன வாங்கிப் பாத்தே, அதுல வேற எண்ணு. அப்போலேந்து உன் மூஞ்சி சரியில்ல. நான் திருட்டு கணக்குல ஆடறேன்னு நெனைக்கிறே.

ஆமா. திருட்டு கணக்குதான். பூந்தவன் அவன் இல்ல, நான்தான். லேப்டாப்பும் அவன்து, கேமும் அவன்து, பாபு, மார்ட்டின் எல்லாருக்கும் பேரு வெச்சதும் அவன்தான். எழிலுன்னு பேரு. என் பையன்.

எங்க கீறானா? இங்கதான், மாங்காட்ல. பஸ் ஏறினா பத்து ஸ்டாப்பு. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோன்ல ஹெச்.ஆர். ஆளு. காண்ட்ராக்ட் ஆளுங்கள மொத்தமா நிறுத்தினப்போ, அந்தக் கடுதாசில கையெழுத்து போட்டது இவன். மேல இருக்கிறவன் சொன்னான், நான் போடலன்னா இன்னொர்த்தன் போடுவான்னு சொன்னான். தொழிலாளிய காட்டிக் குடுக்கிற எல்லா கருங்காலியும் சொல்றதுதான் அது. நான் ஒரு துண்டறிக்கை அடிச்சேன். கருங்காலின்னு தலைப்பு, கீழ இவன் பேரு, அதுக்குக் கீழ என் பேரு, தகப்பனார்னு. அந்த குடோன் கேட்டுலயே நின்னு குடுத்தேன். உள்ள போற அவன் கையிலயும் ஒண்ணு குடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே பையத் தூக்கிகினு போயிட்டான். லேப்டாப்ப எடுக்கல.

அப்டி பாக்காத. இப்போவும் அதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன். எழுதினது சரி. குடுத்ததும் சரி. போய் கேளு, அந்த நிறுத்தின ஆளுங்கள.

மெதுவா பேசு, உள்ள கீற பத்மாவுக்கு ராத்திரி வர்றது அவன்தான்னு தெரியாது. சொன்னா ஒடனே போன் போடுவா, அழுவா, இங்க வாடான்னு கூப்டுவா, அவன் வராம இருக்க முடியாம போயிடும். அப்டி வந்தா அது வந்ததா ஆவாது. அகல்யாவுக்கும் சொல்லிடாத. பூட்டியாச்சின்னு சொல்லிடு. பொய்தான். நான் சொல்லச் சொன்னேன், பாவம் என் கணக்கு.

நீ அமுக்கினா இன்னா ஆவும் தெரியுமில்ல? இந்த லேப்டாப்பும் சேந்து வெளிய போயிடும். கோடு அவன் போனுக்குப் போவும். மறுபடி உள்ள வரணும்னா அவன்கிட்ட நான் கேக்கணும். கேக்க மாட்டேன், அத்த நீயும் புரிஞ்சிக்கோ. அதுக்கு மேல, அப்பன் என்ன ரெண்டாவது தபாவும் வெளிய தள்றான்னு அவன் நெனைச்சா?

இல்ல தம்பி, ஆடறது நான்தான்னு அவனுக்குத் தெரியாம இல்ல. வேற எவன் பாபுவ தூக்குவான், வேற எவன் மார்ட்டின்ன அந்த மாறி கேவலமா தோக்க வெப்பான்? மொத நாளே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். நீ இப்போ அமுக்க வந்தியே, அதே பட்டன் அவன் கையிலயும் கீது. கோடும் அவன் போனுக்குத்தான் வரும். ஒரே அமுக்கு. ரெண்டு மாசமா அமுக்கல.

ஏன் அமுக்கலன்றதுதான் எனக்கு இன்னும் சந்தேகமா கீது.