மேப்பிளுக்கு இட்ட நிழல்

தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடும் நாளில், கழிப்பறைக்கு வழி காட்டும் பலகையைத்தான் முதலில் நட வேண்டும், சார்ஜென்ட். இந்த நீல மலையில் எங்கள் தோட்டச் சங்கத்துக்கு நான் தலைவரானதும் செய்த முதல் சீர்திருத்தம் அது.

கூட்டம் வருவது கிளைகள் தொங்கும் என் மேப்பிள் மரத்தைப் பார்க்க. அதன் போக்கில் விட்டால் தரையில் படுத்துவிடும். இளசாக இருக்கும்போதே கம்பு நட்டுக் கட்ட வேண்டும். தண்டு முற்றியதும் கட்டை அவிழ்த்தாலும் அப்படியே நிற்கும். எதிர்த்துக் கிளம்பும் தளிரை நகத்தால் கிள்ளினால் போதும்.

என் மனைவி நோரீனிடமும் நான் கடுமை காட்டியதில்லை. கார் சாவியை நானே வைத்துக்கொண்டேன். சாலையில் அவளுக்குப் பயம் என்று எனக்குத் தோன்றியது. தோழிகள் வருவதை நிறுத்தினேன். பேச்சு அவளைக் களைப்பாக்கும். சனிக்கிழமை காலை பெட்டியோடு வாசலில் நின்றாள். தொலைவில், கெய்ர்ன்ஸ் ஊரில் இருக்கும் தங்கையிடம் போகிறாளாம்.

"இன்னைக்குத் தோட்டம் திறக்கிறோம். வர்றவங்க டீக்கு ஸ்கோன் ரொட்டி யார் சுடுவா?"

"உன் மரத்தைச் சுடச் சொல்லு, டெஸ்மண்ட்."

நல்ல நகைச்சுவைதான். விருந்தினர் போகும்வரை இருக்கட்டும் என்று, அவளைத் தொட்டிகள் வைக்கும் தகரக் கொட்டகையில் விட்டுப் பூட்டினேன்.

தோட்டப் போட்டியின் நடுவர் பிலிப்பா வந்ததும், "நோரீன் எங்கப்பா? கண்ணுலயே படல?" என்றாள்.

"தலைவலி. படுத்திருக்கா."

கொட்டகைக்குள் தட்டும் சத்தம் கேட்டது. கத்தும் பழக்கத்தை நோரீன் எப்போதோ விட்டிருந்தாள்.

"போஸமா?" என்றார் பக்கத்து வீட்டு செஸில். வீட்டுக் கூரைகளில் புகுந்துகொள்ளும் பூனையளவு காட்டு விலங்கு அது.

"அதேதான். கூரைக்குள்ள புகுந்துக்கிச்சு."

"வாழைப்பழம் வைய்யா, தானா வெளிய வரும்."

"எங்க வீட்டுப் போஸம் ரோஜா மொட்டைத் தவிர வேற எதையும் தொடாது," என்றாள் பிலிப்பா. "அதுக்கு இருக்கிற ரசனை என் புருஷனுக்கு இல்ல."

எல்லோரும் சிரித்தோம். யாரும் கதவருகே போகவில்லை. போஸம் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதைத் தொந்தரவு செய்வது குற்றம். எங்கள் ஊர்க்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள்.

மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து அனல்காற்று கிளம்பியது. மேப்பிளின் இலை நூல் நூலாகப் பிரிந்த வகை, நுனி சட்டென்று பொசுங்கிவிடும். கைவசம் இருந்த ஒரே நிழல்துணி கொட்டகைக் கூரை மேல் கிடந்தது.

"சீக்கிரம் இறக்குப்பா, மரம் தவிக்குது!" என்று பிலிப்பாவே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

துணியை மரத்தின் மேல் விரித்தோம். தட்டும் சத்தம் சிறிது நேரம் வேகமாக வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது, பிறகு இல்லை.

"தூங்கிருச்சு போல," என்றார் செஸில். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வெறும் தகரத்தின் கீழ் அந்தக் காற்றில் என் நாற்றுகளே அரைநாள் தாங்கியதில்லை. தெரிந்துதான் துணியை எடுத்தேன். பரிசளிப்பு முடியட்டும் என்று தெரிந்துதான் திறக்காமல் இருந்தேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் இலைகூடக் கருகவில்லை. நோரீன் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாள்.