ரெட்டைத் திமில்

— எனக்கு ஞாபகம் இருக்கறது சரிதானான்னே தெரியல, டாக்டரம்மா. பெட்டியில ஒரு தகடுதான் இருந்த மாதிரி இருந்துச்சு. எடுத்தேன், ராமன் மெஷின்ல வெச்சேன், அளந்தேன்.

— யாரோட தகடு? என்னோடதா, உன்னோடதா?

— உங்களோடதுன்னுதான் நினைக்கிறேன்.

— நினைக்கிறியா! சொல்லு, சொல்லு லுத்ஃபி. வியாழக்கிழமை நான் அளந்தப்போ மெஷின் திரையில வர்ற கோட்டுல ஒரே மேடு. வைரம் மாதிரி இறுகின கரி. இன்னிக்கு நீ காட்டறது ரெண்டு மேடு. பென்சில் கரி. தகட்டை நகர்த்தாம நானே திரும்ப அளந்தேன், அதே ரெண்டு மேடு. நான் விட்டுட்டுப் போனது நம்ம ஊர் ஒத்தைத் திமில் ஒட்டகம். ரெட்டைத் திமில் மங்கோலியா ஒட்டகமா எப்படி மாறுச்சு?

— சத்தியமா நான் மாத்தல.

— நீ மாத்தினேன்னு சொன்னேனா?

— நீங்க பார்க்கற பார்வை சொல்லுதே. பையைத் திறந்து காட்டணுமா?

— காட்டு.

— நிஜமாவா? ... இந்தாங்க. ரொட்டி. சார்ஜர். ஹரிஸா டப்பா.

— ஹரிஸாவோடதான் லேபுக்கு வருவியா?

— கெய்ரோ சாப்பாட்டுல காரத்தை எங்க தேடறது? போதுமா, சட்டைப் பையும் பார்க்கணுமா?

— கிண்டல் வேண்டாம். புதன்கிழமை மூட்டு டாக்டருங்க வர்றாங்க. செயற்கை இடுப்பு மூட்டு மேல பூச தகட்டு மேல இருக்கற இந்தக் கரிப்படலம் தாங்குமான்னு பார்க்க. பென்சில் கரியைக் காட்டினா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. என் நாலு வருஷ உழைப்பு அது.

— அது கெட்டா எனக்கு என்ன லாபம்?

— துனீசியாலேர்ந்து வந்த நாளா உன் படலம் ஒண்ணாவது தேறிச்சா? எல்லாம் பென்சில் கரி. என்னோடது மட்டும் ஜெயிச்சா உனக்கு வயிறு எரியாதா?

— எரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன். அதுக்காகத் திருடுவேனா?

— இரு, யோசிக்கிறேன். அளந்தப்போ லேசருக்கு முன்னால இருக்கற வடிகட்டிக் கண்ணாடியை எதுல வெச்சே?

— நீங்க சீட்டுல எழுதி ஒட்டியிருக்கற மாதிரிதான். பூஜ்யத்துல.

— நான் அஞ்சுன்னுல்ல எழுதியிருக்கேன்!

— வந்து பாருங்க. வட்டம்.

— அதான்பா அஞ்சு! எங்க எகிப்து எழுத்துல அஞ்சு வட்டமா இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. பஸ்ஸுல, மார்க்கெட்ல பார்த்ததே இல்லியா?

— பஸ்ஸுல பார்த்தா தெரியும். இந்த மெஷின்ல மத்த எண்ணெல்லாம் எங்க ஊர்ல எழுதற மாதிரி 1, 2, 3ன்னு இருக்கு. வட்டத்தைப் பார்த்ததும் கை பூஜ்யத்துக்குப் போயிடுச்சு.

— யா ரப்பி! பூஜ்யத்துல கண்ணாடியே கிடையாது. லேசர் முழுசா இறங்கும். பட்ட இடம் வெந்து பென்சில் கரியாயிடும். நீ அளந்தது என் படலத்தை இல்ல, நீ போட்ட சூட்டை. அதே சூட்டைத்தான் நானும் அளந்து உன்னைத் திட்டியிருக்கேன்.

— அப்ப மொத்தமும் போச்சா?

— ஊசிமுனை அளவு போயிருக்கும். கொஞ்சம் தள்ளி வை. இப்போ அஞ்சுல போடு.

— ஓடுது.

— திரையை மறைக்காதே, நகரு.

— ஒரே மேடு, டாக்டரம்மா.

— ஒரே மேடு! அல்ஹம்துலில்லாஹ்! லுத்ஃபி, மன்னிச்சுக்கோ. எனக்கு வாய் ஜாஸ்தி. வா, கொஷரி வாங்கித் தரேன். உன் ஹரிஸாவைக் கொட்டிச் சாப்பிடு.

— இருங்க. என் படலங்களையும் பூஜ்யத்துலதான் அளந்தேன்.

— எல்லாத்தையுமா?

— வந்த நாள்லேர்ந்து.

— அட, அப்ப அதுங்களும் பென்சில் கரியா இருக்கணும்னு இல்லியே! போ, கொண்டா, எல்லாத்தையும் மறுபடி அளப்போம். ... ஏன் நிக்கறே? போயேன்.

— தேறாதுன்னு முடிவு பண்ணி, தகட்டையாவது திருப்பிக் கொடுக்கலாம்னு நேத்து எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன். லேசுல போகல, டாக்டரம்மா. விரல் தோல் உரிஞ்சுது. வெறும் கரிக்கு இவ்ளோ பிடிவாதமான்னு திட்டிக்கிட்டே தேய்ச்சேன்.