கட்டி தட்டாத களிமண்

தாம்பரத்தில் நான் ஏறிய செங்கல்பட்டு லோக்கல், மகளிர் பெட்டி.

"நாளைக்கும் கொளுத்தத்தான் போறேன்க்கா" என்றாள் எதிர் சீட்டு இளம்பெண். என் பக்கத்து அம்மா சட்டென்று பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அவளும் அவள் பக்கத்து அக்காவும் ஒரே கம்பெனியின் நீலக் கோட்டு போட்டிருந்தார்கள். கரண்ட் ஆட்டோவுக்கு ஃபைபரில் பேட்டரிப் பெட்டி செய்கிற இடமாம்.

"இன்னிக்கு இன்னாடி ஆச்சு?"

"பெட்டி தீப்பிடிக்காம இருக்க ரெசின் பசையில அந்த நானோ களிமண் பவுடர் போட்டோம்ல? சாம்பிள் துண்டைக் கொளுத்துனா ஒரு ஓரம் கருகி அப்டியே அணைஞ்சுடுச்சு. இன்னொரு ஓரம் குபுகுபுன்னு எரியுது. உடைச்சுப் பாத்தா உள்ள கட்டி கட்டியா கீது."

"மொத்தமா கொட்டிட்டியா?"

"ஆமாக்கா, என் தப்புதான். கேழ்வரகு மாவைக் கரைக்காமக் கொதிக்கிற தண்ணில கொட்டுனா கட்டி தட்டாதா? நாளைக்குக் கொஞ்சூண்டு ரெசின்ல நல்லா கரைச்சுட்டுத்தான் மீதியில ஊத்துவேன்."

"பழைய ரெசினே போதும், விட்ருன்னு சார் சொல்றாரே."

"போதுமா? அந்தப் பெட்டி மேல உக்காந்துகினுதான்க்கா எங்க வூட்டுக்காரரு வண்டி ஓட்டறாரு."

பெருங்களத்தூரில் இறங்க எழுந்த அக்கா கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"காலைல நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடாத. சேர்ந்தே கொளுத்தலாம்."