ஓர் எழுத்து குறைந்த கோர்வை

நெசவாளர் சங்கத் தலைவர் சபாபதி அய்யா அவர்களே, முன்வரிசையை முன்கூட்டியே பிடித்த பெரியோர்களே, என் வாலை வருடக்கணக்காய்ப் பொறுத்துவரும் தாய்மார்களே, கையில் கைபேசியும் கண்ணில் கிண்டலுமாய் அமர்ந்திருக்கும் தோழர்களே, திரிஷாவின் நடுங்கும் வணக்கம்.

ஆம், நடுங்குகிறேன். இணையதளம் அமைத்தவள் என்று பாராட்ட அழைத்தீர்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பொருந்துமா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சேலையின் கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வையின் பெயர்தான் நம் தளத்துக்கு. அதன் ஒரே கடவுச்சொல் பெரிய காஞ்சிபுரத்து ஆட்டோ நிறுத்தம்வரை பிரசித்தம். அதை ஒழிக்க ஓ-ஆத் என்ற முறையைக் கொண்டுவந்தேன். கேட்டதும் 'ஆத்தாடி' என்றார் ஜெயக்குமார் மாமா. சிரிக்காதீங்க மாமா, பிறகு நானும் அதையேதான் சொன்னேன். நுழைபவரை மின்னஞ்சல் நிறுவனத்திடம் அனுப்புவோம். 'இவர் இவரே' என்று அது சாட்சி சொல்லித் திருப்பி அனுப்பும். திரும்பும் முகவரியை நம் தளத்திலும் அந்த நிறுவனத்திலுமாக இருபக்கமும் எழுத வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒத்தால் வழி. ஓர் எழுத்து பிசகினால் பழி.

எழுதினேன். பழைய கடவுச்சொல் வழியை அடைத்தேன். வெளியேறி மீண்டும் நுழைந்தேன். 'முகவரி பொருந்தவில்லை' என்றது திரை.

அதனாலென்ன என்கிறீர்களா? உள்ளே என் குறும்பு ஒன்று குடியிருந்தது. சோதனைக்காக, காலை பதினொரு மணிக்குத் தானே வெளியாகும்படி நான் வைத்த செய்தி. தலைப்பு: 'நம் சேலையில் பட்டே இல்லை'. திறந்து படித்தால், 'பட்டுப்போகாத உழைப்பே இருக்கிறது'. ஆனால் வாங்குபவர் தலைப்போடு நின்றுவிட்டால்? அதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டால்? அறுபது தறிகளின் பெயர் என்னாகும்? மணி பத்து நாற்பது. கண்கள் கலங்கின, கடிகாரம் மட்டும் கலங்காமல் ஓடியது.

சங்க அலுவலகத்துக்குள் கலையரசி அக்கா வந்தார். "இன்னாடி, பேயறைஞ்சா மாதிரி குந்திக்கினு இருக்குற?"

"உள்ள போவ முடியலக்கா. பதினொண்ணுக்குள்ள போவலன்னா சங்கத்து மானமே பூடும்."

"அழுவாத. ரெண்டு பக்கத்தையும் எதிரெதிர வெச்சு எழுத்தெழுத்தா படி. கரையில ஒரு இழை வுட்டாலே கண்டுபுடிக்கிறவ நானு."

படித்தேன். அக்காவின் விரல் நின்றது. "இங்க கடைசியில ஐ இருக்குது. அங்க எங்கடி?"

தளத்தில் 'கோர்வை'. மறுபக்கம் 'கோர்வ'. தறியடியில் நாம் பேசுகிறபடியே ஆங்கில எழுத்துகளில் தட்டியிருக்கிறேன்.

"வாயில வர்றத அப்பிடியே எழுதிக்கிறியே" என்று தலையில் குட்டினார்.

திருத்தினேன். மாற்றம் செல்லுபடியாக ஐந்து நிமிடமாகலாம் என்றது திரை. ஒவ்வொரு நிமிடமும் ஒரு முழம் நீண்டது. பத்து ஐம்பத்தெட்டுக்குக் கதவு திறந்தது, செய்தியை அழித்தேன். அது என்ன செய்தி என்று அக்காவுக்கும் சொல்லவில்லை. இப்போது தெரிந்துவிட்டது, அவர் முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது.

அன்றைய அச்சத்தைவிட இந்த மேடையின் அச்சம் பெரிது. பிறகு ஏன் சொன்னேன்? இவள் திரிஷாதான் என்று கணினி சாட்சி சொல்லும். இவளை நம்பலாம் என்று சொல்லுமா? அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும்? இன்று காலை, தளத்தில் எழுதும் உரிமையுள்ளோர் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டேன். மீண்டும் சேர்க்கும் உரிமை தலைவர் அய்யாவிடம் மட்டுமே இருக்கிறது. பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். அய்யா, ஒலிவாங்கியை உங்களிடம் தருகிறேன். சேர்ப்பதா வேண்டாமா, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.