கோவிந்தராசு தோழர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி

மேடையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர் சங்கத் தலைவர் ஹரிகிருஷ்ணன் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கோவிந்தராசு தோழரின் மகள் பூவிழி, இந்த நினைவேந்தலுக்கு முதலியார்பேட்டையிலிருந்தும் லாஸ்பேட்டையிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம்.

செயல்வீரர் கோவிந்தராசு அவர்களை உங்கள் சங்கச் செயலாளராக அறிவீர்கள். நான் அவர் முதுகில் ஊசி போட்ட டாக்டர். மறதி நோய் வருவதற்கு முன்பே உடலில் என்ன மாறுகிறது என்று தேடுகிறோம். அதற்கு நோயாளிகள் மட்டும் போதாது. நல்ல நினைவோடு இருக்கும் வயதானவர்களின் முதுகுத்தண்டு நீரும் வேண்டும். யார் தருவார்கள்? ஊசி போட்டால் இடுப்பு விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். கோவிந்தராசு தோழர்தான் முதலில் வந்து ஒருக்களித்துப் படுத்தார். அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "பாத்துக்கங்க, இடுப்பு அப்படியே இருக்குது. இப்ப யாரு வர்றீங்க?" என்று கேட்டார். இந்த அரங்கில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. அவருடைய அண்ணன் மறதி நோய் வந்து, கட்டிய மனைவியையே யாரென்று கேட்டபடி இறந்தவர். ஒவ்வொரு முறை வரும்போதும் தோழர் கேட்பார்: "எனக்கும் அண்ணனாட்டம் ஆயிடுமா டாக்டரம்மா? என் தண்ணி என்னா சொல்லுது?"

ஆய்வு முடியும்வரை யாருக்கும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. ஒருவருக்கு நல்ல சேதி சொல்லிவிட்டு இன்னொருவரிடம் வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனமே அவருக்குக் கெட்ட சேதி ஆகிவிடும். இதை அவரிடம் விளக்கினேன். "எல்லாருக்கும் ஒரே சட்டம்னா சரி" என்றார். சங்கத்துக்காரர் அல்லவா, வேறென்ன சொல்வார்?

போன வருடம் அவர் ஏன் செயலாளர் பதவியை விட்டார் என்று இன்றும் உங்களில் பலர் கேட்கிறீர்கள். கூட்டத்தில் ஓர் உறுப்பினரின் பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. நோய் தொடங்கிவிட்டது என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். தன் மறதியால் யாருடைய பென்ஷன் வேலையும் கெட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கினார். என்னிடம் சொன்னார். அப்போதும் நான் விதியைத்தான் சொன்னேன்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். இறந்தவரின் பரிசோதனை முடிவைக் குடும்பம் கேட்டால் சொல்லலாம். நேற்று பூவிழி கேட்டாள், சொன்னேன். இங்கேயும் சொல்லச் சொன்னது அவள்தான். தோழரின் முதுகுத்தண்டு நீரில் அந்த நோயின் அடையாளம் எதுவும் இல்லை. ஆய்வுக்காக எடுத்த ஸ்கேனில் மூளை கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்த வயதில் எல்லோருக்கும் சுருங்குகிற அளவுதான்.

பூவிழி அழவில்லை. "இத அப்பா காதுல போட்டிருந்தீங்கன்னா, நிம்மதியா தூங்கியிருப்பாரு மேடம்" என்றாள்.

அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. நீர் கொடுத்தவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிய வேண்டுமா?" என்று கேட்டோமா? கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இந்த மைக்கின் முன்னால் நிற்கிறேன்.

தோழர் தொடங்கி வைத்த இந்த வேலை நிற்காது. ஆனால் பழையபடியும் நடக்காது. அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டத்தில் உங்கள் சங்கத்துக்கு ஒரு நாற்காலி கேட்பேன். தெரிய வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் சேர்த்து, விதியை உங்களோடு உட்கார்ந்து எழுதுவோம். அதுவரை புதிதாக ஒருவர் முதுகிலும் நான் ஊசி வைக்க மாட்டேன்.

கோவிந்தராசு தோழரே, உங்களுக்கு அண்ணன் மாதிரி ஆகியிருக்கவில்லை. நீங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள்.