வலது பக்கத் தொட்டி

— கதவைச் சாத்திட்டு வா அக்கா. கீழ பாத்துக் கால வை.

— ஏன்டா கட்டிலெல்லாம் இழுத்துப் போட்டிருக்க? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?

— அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. பதறாத. ஒரு பச்சைப்பாம்பு கொஞ்சம் காணோம்.

— கொஞ்சம் காணோமா. இந்த ரூமுக்குள்ள பாம்பு எப்படிடா வந்துச்சு?

— நான்தான் வெச்சிருந்தேன். நம்ம பழைய மீன் தொட்டியில.

— கை கால் வராம கிடக்குற மனுஷன் பக்கத்துல.

— வலது பக்கம்தான் அக்கா. யோசிச்சுத்தான் வெச்சேன். இடது கை லேசா ஆடுதுல்ல, தெரியாமத் தட்டி விட்டுடுவாரு. வலது கைதான் செத்துப் போச்சே, அந்தப் பக்கம் பயமில்ல.

— நல்லா யோசிச்ச. கேக்குறேன், பதில் சொல்லு. எங்க பிடிச்ச அதை?

— நர்சரிக்கு லாரியில கொடிச் செடி வந்து இறங்குச்சு. கட்டைப் பிரிச்சு ஒவ்வொரு கொடியா எடுக்குறேன், ஒரு கொடி மட்டும் திரும்பி என்னைப் பாக்குது. மேஸ்திரி மண்வெட்டியைத் தூக்கிட்டாரு. சாக்குல சுருட்டிக் கொண்டாந்துட்டேன்.

— கடிச்சா?

— கடிச்சா கொஞ்சம் வீங்கும், அவ்வளவுதான். பல்லி, ஓணானுக்குத்தான் அதோட விஷம்.

— கண்ணைக் கொத்தும்னு சொல்லுவாங்களே. அப்பாவைக் கண்கொத்திப் பாம்பாப் பாத்துக்குறேன்னு சொன்ன, நிஜமாவே பாம்பை வேலைக்கு வெச்சிருக்க.

— அது சும்மா கட்டிவிட்ட கதை அக்கா.

— கதையோ என்னவோ. மூஞ்சியில ஊர்ந்தா கையை வெச்சு மறைச்சுக்கக்கூட முடியாது அவரால. அந்தப் போர்வையைத் தூக்கு. மெதுவா.

— இல்ல. தலையணைக்குள்ளயும் இல்ல.

— சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டுப் போக முதியோர் ஹோம்லருந்து வண்டி வருது. அந்த இடத்துக்கு நான் யார் யார்கிட்ட கெஞ்சினேன்னு உனக்குத் தெரியாது. பாம்போடவா அனுப்ப?

— அனுப்பவே வேணாம்னுதான் சொல்றேன். அவருக்கு நினைப்பே இல்லன்னு நீ சொல்ற. பாம்பு இந்தக் கோடிக்குப் போனா கண்ணு இங்க வருது, அந்தக் கோடிக்குப் போனா அங்க போகுது. லாரி ஓட்டும்போது பக்கத்துக் கண்ணாடியைப் பாப்பாரே, அப்படிப் பாக்குறாரு.

— ஈ பறந்தாலும் கண்ணு அசையும்டா. டாக்டர் முடிவாச் சொல்லிட்டாரு, இனிமே இவ்வளவுதான்னு. எனக்கு மட்டும் ஆசையா அவரை அனுப்ப? என்னால முடியலடா. அந்த மூலையைப் பாரு.

— பாத்துட்டேன். பாவம், வந்ததுலருந்து அது ஒண்ணும் தின்னல. பல்லி போட்டாலும் தொடல. கண்ணாடியில முட்டி முட்டி மூக்கெல்லாம் புண்ணு. தண்ணி தெளிக்கப் போனா அப்பா என்னை முறைக்கிறாரு.

— அது முறைப்பில்ல. வாய் கோணிக்கிட்டது.

— கோவம்தான் அக்கா. எனக்குத் தெரியும் அவரோட கோவம்.

— இப்ப மட்டும் அவரு கண்ணு ஏன் ஜன்னலையே பாக்குது?

— எங்க? திரைக் கம்பியில. அதோ.

— அது கயிறுடா.

— கயிறு நாக்கை நீட்டாது. அசையாத.

— பிடி, வெளிய போகுது பாரு. பாதி உடம்பு போயிடுச்சு.

— போகட்டும் விடு. கிளை பக்கத்துலயேதான் இருக்கு. ஏறிடுச்சு. இப்ப எது இலை, எது அதுன்னே தெரியல.

— அப்பாடா. ஜன்னலைச் சாத்து. தொட்டியைத் திறந்து போட்டுட்டு எப்படிடா வேலைக்குப் போன?

— சத்தியமா திறந்து போடல. வலை மூடியை இறுக்கி இரும்புக் கிளிப் மாட்டிட்டுத்தான் போனேன். நல்லா அழுத்தினாத்தான் அது விரியும். பாம்பால முடியாது.

— பாம்பும் திறக்கல, நீயும் திறக்கல. வீட்டுல வேற யாரு இருந்தா? கிளிப் மாட்ட மறந்துட்டேன்னு ஒத்துக்கோ.

— மறக்கல அக்கா. வேணும்னா கிளிப்பைத் தேடு, இங்கதான் எங்கயாவது விழுந்து கிடக்கும்.

— கட்டிலுக்கு அடியில இல்ல. இரு, அப்பா இடுப்புகிட்ட என்னவோ மின்னுது. டேய்.

— என்ன?

— வண்டிக்காரருக்குப் போன் போடு. வர வேணாம்னு சொல்லு.

— என்னக்கா ஆச்சு? ஏன் அழற?

— கிளிப் அப்பாவோட வலது கைக்குள்ள இருக்குடா. நான் இழுக்குறேன், விட மாட்டேங்குறாரு.